வேதியர் ஒழுக்கம் முதல் இறையியல் பாடநூல் வரை: திருப்பணியாளர் தொடர்கல்வியின் தமிழ்

தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதுவோர் கிறித்தவ நூல்களை ஒரு குறிப்பிட்ட வரிசையில் நிறுத்திக் காண்பது வழக்கம். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், தத்துவ போதகரின் ஞானோபதேசம், வீரமாமுனிவரின் வேதியர் ஒழுக்கம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பள்ளிப் பாடநூல்கள் என அவ்வரிசை அமையும். உரைநடையின் தந்தை எனத் தக்கவர் எவர் என்னும் வழக்கும் உடன் எழும். அவ்வழக்கில் செலவிடப்பட்ட தாளின் அளவு சிறிதன்று. ஆயின் அந்நூல்கள் எவர் கையில் கொடுக்கப்பட்டன, பெற்றவர் அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்னும் வினா அடிக்குறிப்பின் எல்லையைத் தாண்டி வந்ததில்லை. இவற்றுட் பல, ஏற்கெனவே பணியில் நின்ற தொண்டர்க்காக எழுதப்பட்டவை. இன்று கற்பதை நாளை ஒரு சிற்றூரின் மக்கள்முன் தம் வாயால் மீண்டும் சொல்லவேண்டிய கடப்பாடு அவர்க்கு இருந்தது. இக்கடப்பாட்டை ‘மறுசொல்லல்’ எனக் குறிப்பிடலாம். கிறித்தவத் திருப்பணியாளர்க்கும் பொதுநிலைத் தலைவர்க்கும் உரிய தொடர்கல்வி நூல்களை மறுசொல்லல் என்னும் அளவுகோல் கொண்டு மதிப்பிட இக்கட்டுரை முயல்கிறது. பாராட்டப்பட்ட நூல்கள் சில இவ்வளவையில் தாழக்கூடும்; கவனிக்கப்படாதவை சில உயரக்கூடும்.

‘வேணும்’ என்ற ஒரு சொல்

முத்துக்குளித்துறைக்கு 1542இல் வந்த சவேரியார் தமிழை முறையாகக் கற்றவர் அல்லர். போர்த்துக்கீசியமும் அறிந்த தமிழர் சிலரின் துணையால் செபங்களை மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்து, ஊர்தோறும் மணியடித்து மக்களைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். தாம் அகன்ற பின்னும் கற்பித்தல் தொடரும்பொருட்டு ஊர்களில் கணக்கப்பிள்ளைகளை அமர்த்தினார். இக்கணக்கப்பிள்ளையே தமிழகக் கடற்கரையில் நாம் காணும் முதல் பொதுநிலைத் தலைவர்.

1544ஆம் ஆண்டு சவேரியார் தம் உடன்பணியாளராகிய மான்சில்லாசுக்கு எழுதிய மடலொன்றில் ஒரு திருத்தம் காணப்படுகிறது. நம்பிக்கை அறிக்கையின் தமிழாக்கத்தில் ‘எனக்கு வேணும்’ என்று சொல்லிவந்தனர். அதன் பொருள் விரும்புகிறேன் என்பதே, நம்புகிறேன் என்பதன்று. எனவே ‘விசுவாசம்’ என்னும் சொல்லை வழங்குமாறு அவர் பணிக்கிறார். கிறித்துவின் பாடுகளைக் குறிக்குமிடத்து வலுக்கட்டாயம் என்னும் பொருள்படும் சொல்லொன்றையும் விலக்கச் சொல்கிறார். அப்பாடு தாமாக ஏற்றுக்கொண்ட ஒன்று என்பது அதற்கு அவர் காட்டும் காரணம்.

இம்மடலைத் தூதுப்பணி வரலாற்றாசிரியர் அறிவர். தமிழாய்வாளர் அறிந்து பயன்கொண்டாரோ எனின், அரிது. பணியில் இருப்பவர்க்கு, பணியின் இடையில், பணிக்குரிய ஒரு பிழையைத் திருத்தும்பொருட்டு அளிக்கப்பட்ட கல்வி இது. அந்தப் பிழை கோட்பாட்டுப் பிழையன்று. தமிழ் வினையொன்றின் பொருளறியாமையால் நேர்ந்தது. ‘வேண்டும்’ என்னும் சொல் விழைவையும் தேவையையும் ஒருங்கே சுட்டி நிற்பது. கடவுளை வேண்டுவதும் கடவுளை நம்புவதும் பத்திமையில் அடுத்தடுத்து நிற்பன ஆதலின் கேட்டவர்க்கு அது பிழையாகவே தோன்றாமலும் போயிருக்கலாம். இறையியற் கல்வி தமிழகத்தில் காலூன்றிய தொடக்கத்திலேயே சொல்லாராய்ச்சியாகவும் இருந்தது என்பதற்கு இதனினும் நேரிய சான்று வேண்டுவதில்லை.

1578இல் அண்ட்ரீக் அடிகளார் வெளியிட்ட தம்பிரான் வணக்கம் பதினாறே பக்கங்கள் கொண்டது. மறு ஆண்டு கொச்சியில் கிரிசித்தியானி வணக்கமும், அதனை அடுத்துப் பாவசங்கீர்த்தனத்திற்குரிய கொம்பெசியொனாயரும், 1586இல் அடியார் வரலாறும் அச்சாயின. இவற்றின் அளவும் வகையும் நோக்கற்குரியன. முதலில் மனப்பாடத்திற்குரிய சிறுசுவடி, பின் வினாவிடை, பின் தன்னாய்வு, இறுதியில் கதை. ஓர் உபதேசியார் தம் பணியில் படிப்படியே எதிர்கொள்ளும் தேவைகளின் வரிசையும் ஏறத்தாழ இதுவே. முதல் தமிழ் அச்சுநூல்கள் தமிழ்நாட்டு எல்லைக்கு வெளியே, கொல்லத்திலும் கொச்சியிலும் உருவாயின என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. தமிழ்வழித் திருப்பணிக் கல்வியின் முடிவுகள் வெளியூர்களில் எடுக்கப்படும் வழக்கம் அன்று தொடங்கியதுதான்.

வேதியர் என்னும் பெயர்

வீரமாமுனிவர் 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியை 1726இல் நிறைவு செய்தார். 1727இல் வேதியர் ஒழுக்கத்தை எழுதினார். ஓராண்டு இடைவெளியில் ஒரே கையிலிருந்து இருவேறு தமிழ் பிறந்தது வியப்பிற்குரியது எனப் பலரும் எழுதியுள்ளனர். வியப்போடு நின்றுவிடுவது திறனாய்வாகாது. காப்பியம் புலவர் அவையை நோக்கியது. வேதியர் ஒழுக்கமோ, குருவானவர் ஆண்டில் சில நாள்களே வந்துபோகும் ஊர்களில் எஞ்சிய நாள்களையெல்லாம் தாங்கி நின்ற ஆளை நோக்கியது. செபம் சொல்லுதல், நோயாளியைப் பார்த்தல், இறப்போர்க்கு அருகிருத்தல், பிணக்குத் தீர்த்தல் யாவும் அவ்வாளின் தோள்மேல் இருந்தன.

நூலின் பெயரே ஒரு வாதம். ‘வேதியர்’ என்னும் சொல் தமிழிலக்கிய மரபில் மறையோதும் அந்தணரைக் குறித்து வழங்கியது. அதனை எடுத்து, பல குலத்தாரும் கலந்த உபதேசியர் குழுவிற்குச் சூட்டியது சிறிய செயலன்று. வேதம் என்பது இங்கு விவிலிய மறையைக் குறிக்குமாதலின் அச்சொல்லாட்சி இலக்கணப்படி பொருந்துவதே. ஆனால் கேட்பவன் செவியில் பழைய பொருளும் உடன் ஒலித்திருக்கும். தென்மாவட்டக் கத்தோலிக்க ஊர்களில் வேதியர் என்னும் பெயர் இந்நூற்றாண்டிலும் வழக்கில் நிற்பதை நோக்க, முனிவர் வேரூன்றச் செய்த சொற்களுள் இதுவே ஆழமானது எனலாம். சதுரகராதியின் பெருமை பேசுவோர் இதனையும் பேசுதல் தகும்.

‘ஒழுக்கம்’ என்னும் இரண்டாம் சொல்லும் கருதத்தக்கது. அடுத்த ஆண்டு அவர் எழுதிய சமயவாத நூலுக்கு வேத விளக்கம் எனப் பெயரிட்டார். உபதேசியர்க்குரிய நூலுக்கு விளக்கம், போதனை, உபதேசம் என்னும் சொற்கள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் ஒழுக்கம் என்றே பெயரிட்டார். குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவர் அவர். அச்சொல்லின் எடையை அறியாதவரல்லர். பிறர்க்குச் சொல்பவன் முதலில் தன் நடையைச் செப்பம் செய்துகொள்ளல் வேண்டும் என்னும் கருத்து தலைப்பிலேயே அமைந்துவிட்டது. இன்றைய தொடர்கல்வித் திட்டங்கள் ‘ஆளுமை உருவாக்கம்’ என நீட்டி வழங்கும் பொருள் இதுவே. சொல் மட்டும் தளர்ந்து போயிற்று.

இவ்வுரைநடை எச்சங்களால் நீண்டு செல்வது, இக்கால வாசகர்க்கு மூச்சு முட்டும் என்னும் குறை சொல்லப்படுவதுண்டு. கண்ணால் மட்டும் படிப்பவர்க்கு அது குறைதான். உரக்க வாசிப்பவர்க்கோ ஒவ்வோர் எச்சமும் நின்று மூச்செடுக்கும் படியாகும். வினைமுற்று வரும்வரை கேட்பவர் செவி விலகுவதில்லை. இறையனார் களவியல் உரை தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் வந்ததாகத் தன்னைப் பற்றித் தானே கூறிக்கொள்வது. அவ்வுரையின் நடையும் இவ்வாறே செவியை முன்னிட்டு அமைந்தது. தமிழ் உரைநடை எழுத்துக்கு வருமுன் வகுப்பறையில் இருந்தது. வீரமாமுனிவர் ஐரோப்பியப் பத்தியைத் தமிழில் புகுத்தினார் என்பதைவிட, தமிழ் உரைகாரரின் வகுப்பறைக் குரலை உபதேசியர்க்கு மாற்றிக் கொடுத்தார் என்பது பொருத்தம். தத்துவ போதகரின் நடை இதிலிருந்து வேறுபட்டது. வடசொல் செறிந்து தருக்கத்தின் வழியே செல்வது. அதனைச் சிற்றூர்க் கணக்கப்பிள்ளை ஒருவர் மறுசொல்லியிருக்கக் கூடுமோ என்பது ஐயத்திற்குரியது.

சீர்திருத்தச் சபைகளின் பக்கமும் இதே தேவை இருந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு பத்தாண்டுக்குள், 1716இல், உள்நாட்டு உபதேசியர்க்கென ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1733இல் ஆரோன் என்னும் தமிழர் குருத்துவ அருட்பொழிவு பெற்றார். திருநெல்வேலியில் இரேனியசு உபதேசியரைப் பயிற்றுவித்ததோடு 1832இல் பூமி சாஸ்திரம் என்னும் நிலநூலையும் எழுதினார். உபதேசியார் உலகின் வடிவத்தையும் அறிந்திருத்தல் வேண்டும் என அக்காலக் கல்வி கருதியது. இன்றைய பாடத்திட்டங்களுள் எத்தனை அவ்வாறு கருதுகின்றன?

வினாவிடையும் கோடிட்ட இடமும்

இருபதாம் நூற்றாண்டின் பெருமாற்றம் பட்டமும் தேர்வும் ஆகும். 1818இல் தோன்றி 1827இல் தென்மார்க்கு மன்னரின் பட்டயம் பெற்ற செராம்பூர்க் கல்லூரி, 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி இறையியற் பட்டங்கள் வழங்கும் ஆட்சிப்பேரவையின் இருப்பிடமாயிற்று. 1910இல் தொடங்கிய பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி ஆங்கில வழியில் சிறந்தது. பட்டம் குருமார்க்குரியதாயிற்று, உபதேசியார் பட்டத்திற்கு வெளியே நின்றார். வேதியர் ஒழுக்கத்தின் காலத்தில் நடுவில் நின்றவர் இப்போது விளிம்பிற்குச் சென்றார்.

இவ்விடைவெளியை நிரப்ப வந்தது விரிவாக்க இறையியற் கல்வி. 1963இல் குவாத்தமாலாவில், நகரக் கல்லூரியில் பயின்றவர் சிற்றூருக்குத் திரும்பாமையையும் சிற்றூர்த் தலைவர் வயலை விட்டு நகருக்கு வர இயலாமையையும் கண்ட பிரெசுபித்தேரியர் சிலர், மாணவரை அழைப்பதை விடுத்து ஆசிரியரை அனுப்பினர். வீட்டில் தாமே கற்கும் நூல், குறித்த நாளில் கூடும் வகுப்பு, தம் சபையில் செய்யும் பணி என அது முக்கூறாய் அமைந்தது. இந்தியாவில் 1971இல் பெங்களூரை இடமாகக் கொண்டு இதற்கென ஒரு கழகம் தோன்றியது. தமிழிலும் பாடங்கள் வந்தன. செராம்பூர்ப் பேரவையும் பின்னர்ப் பொதுநிலையினர்க்கெனக் கொல்கத்தாவிலிருந்து பட்டயமும் இளநிலைப் பட்டமும் நடத்தலாயிற்று. திட்டம் என்னும் அளவில் இவற்றைப் பாராட்டாதிருக்க இயலாது. மளிகைக் கடைக்காரரும் தையற்காரரும் ஆசிரியையும் தம் தொழிலை விடாது இறையியல் கற்க வாயில் திறந்தது இதனால்தான்.

இடர் நடையில் உள்ளது. தாமே கற்கும் நூல்களின் அடிப்படை அலகு, சிறு செய்தி ஒன்றைக் கூறி உடனே கோடிட்ட இடம் ஒன்றை நிரப்பச் சொல்வது. ஆங்கில வாக்கியத்தில் வினை முன்னரும் பெயர் பின்னரும் வருதலின் கோடிட்ட இடம் இயல்பாக இறுதியில் அமையும். படித்து வருபவர் முடிவில் விடையை அடைவார். தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்கும். அதே வாக்கியத்தை அவ்வாறே பெயர்த்தால் கோடு நடுவில் விழுகிறது. படிப்பவர் வெற்றிடத்தைத் தாண்டிச் சென்று வினைமுற்றைக் கண்டபின் திரும்பி வரவேண்டும். அது உரக்க வாசிக்க இயலாத வாக்கியம். எனவே பிறர்க்குச் சொல்லவும் இயலாதது. தமிழில் இதற்கு வழி இல்லாமலில்லை. வினையாலணையும் பெயரை எழுவாயாக்கி, ‘உலகைப் படைத்தவர் _____’ என அமைத்தால் விடை தானே இறுதிக்கு வந்துவிடும். நன்னூல் கற்ற எவரும் சொல்லித் தரக்கூடிய எளிய உத்தி இது. பாடநூல் ஆக்கத்தில் இறையியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இருந்தால் போதும், இலக்கணம் அறிந்தவர் மிகையென்று கருதும் இடத்தில் இவ்வுத்தி நினைவுக்கு வராது.

பழைய வினாவிடை வடிவத்தை ‘கிளிப்பிள்ளைப் பாடம்’ என இழித்துரைத்து இப்புதிய வடிவம் முன்வைக்கப்பட்டது. ஆயின் வினாவிடைக்கு இரு குரல்கள் உண்டு. கோடிட்ட இடத்திற்கு ஒரு பென்சில் மட்டுமே உண்டு. வினாவிடையின் ஆற்றலை நன்கறிந்தவர் ஆறுமுக நாவலர். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிற்கு உதவிய அவர், பிரசங்கம், அச்சுக்கூடம், பள்ளிக்கூடம் ஆகியவற்றோடு வினாவிடையையும் சைவத்திற்கு எடுத்துக்கொண்டார். எதிர்ப்பக்கத்தார் கைக்கொள்ளும் அளவிற்குத் திறம்வாய்ந்த ஒரு கருவியை, அதனை உருவாக்கியவரே பழமை எனக் கைவிட்டது வரலாற்றின் வேடிக்கை.

தேர்வுத் தமிழும் மேடைத் தமிழும்

1969இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி அமைந்தது. திருமறையூரில் இயங்கிவந்த கல்லூரி இதற்கு முன்னோடி. தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபைகளும் இணைந்து நடத்தும் இக்கல்லூரி, செராம்பூரின் இளநிலைப் பட்டத்தைத் தமிழ்வழியில் கற்பிக்க முன்வந்தது. தமிழ் உயர்கல்வி மொழியாகுமா என்று பல்கலைக்கழகங்கள் வாதிட்டுக் கொண்டிருந்த காலத்தில் எபிரேய, கிரேக்க விளக்கவுரைகளையும் மெய்யியலையும் தமிழில் பயிற்றுவித்த அருஞ்செயல் இது. பயிற்றுமொழி வரலாற்றில் இதற்கு ஓர் இயல் ஒதுக்கப்பட வேண்டும். ஒரு பத்தியேனும் ஒதுக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

இம்முயற்சியில் விளைந்த கலைச்சொற்கள் தனியே ஆராயத்தக்கன. ‘வேதசாத்திரம்’ என்பது ‘இறையியல்’ ஆயிற்று. அவ்வழியே கிறித்துவியல், மீட்பியல், திருச்சபையியல் எனப் பல ‘இயல்’கள் தோன்றின. தேர்வு எழுத இவை உதவும். ஆயின் ‘இயல்’ என்னும் ஈறு ஒரு நிகழ்ச்சியைத் துறையாக்கி விடுகிறது. மீட்பு ஒருவர்க்கு நேர்வது; மீட்பியல் ஒருவர் படிப்பது. பட்டம் பெற்ற ஆயர் ஞாயிறன்று மேடையேறும்போது இவ்வீற்றைக் களைந்துவிட்டுப் பேசவேண்டியவராகிறார். அதற்கான பயிற்சியைத் தருவது தொடர்கல்வியின் கடமை.

விவிலிய மொழிபெயர்ப்புகள் இவ்விடைவெளியை மேலும் நுட்பமாக்குகின்றன. சீர்திருத்தச் சபையாரின் கையில் பவர் ஐயர் குழுவினரின் 1871ஆம் ஆண்டுத் திருப்புதலின் மரபு நிலைத்திருக்கிறது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 1995இல் வெளிவந்தது. சுவிசேஷம் – நற்செய்தி, பரிசுத்த ஆவி – தூய ஆவி, இரட்சிப்பு – மீட்பு, விசுவாசம் – நம்பிக்கை எனச் சொற்கள் இரட்டைப் பட்டன. தமிழ்த்துறையினராகிய நாம் பின்னதை வடமொழி நீக்கிய தூய நடை எனப் பாராட்டி அமைந்துவிடுகிறோம். இது எளிய தீர்ப்பு. திருநெல்வேலிச் சீமையின் கிறித்தவ மூதாட்டிக்கு ‘இரட்சிப்பு’ வடசொல் அன்று. தாய் சொல்லித் தந்த சொல். அதனைப் பிடுங்கி மீட்பைத் தருவதால் அவர் புதிதாக எதனையும் அறிந்துகொள்வதில்லை. மாறாக, ‘நீதிமானாக்கப்படுதல்’ என்னும் பழைய தொடர் வழக்காடுமன்ற வாடையும் செயப்பாட்டுவினையின் இறுக்கமும் கொண்டது. ‘கடவுளுக்கு ஏற்புடையவராதல்’ என்னும் புதிய தொடர் யாருக்கு ஏற்பு என்பதை வெளிப்படச் சொல்கிறது. இங்குப் புதியதே சிறந்தது. ஒவ்வொரு சொல்லையும் இவ்வாறு தனித்தனியே நிறுத்துப் பார்த்தல் வேண்டும். கட்சி சேர்தல் பயனில்லை.

சவேரியார் 1544இல் ‘வேணும்’ என்பதை நீக்கி வைத்த ‘விசுவாசம்’, 1995இல் ‘நம்பிக்கை’க்கு இடம்கொடுத்தது. ‘நம்பு’ என்னும் வினை விருப்பப்பொருளும் உடையது என்பது உரியியல் கற்றார்க்குத் தெரியும். தொல்காப்பியம் ‘நம்பு’ என்பதை நசைப்பொருளில் வைக்கிறது. அவர் விலக்கிய விழைவு, நானூற்றைம்பது ஆண்டு கழித்து வேறொரு வாயிலாக மீண்டும் உள்ளே வந்துவிட்டது! இதனை ஒரு குருமார் பயிற்சி முகாமில் ஒருமணிநேரம் விளக்கினால் அது இலக்கண வகுப்பா, இறையியல் வகுப்பா எனப் பிரித்தறிய இயலாது.

கத்தோலிக்கத் திருச்சபையில் தொடர்கல்வி விதியாகவே உள்ளது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட குருத்துவப் பயிற்சி பற்றிய விதித்தொகுப்பு, திருநிலைப்பாட்டிற்குப் பின்னும் பயிற்சி தொடரவேண்டும் என்றது; 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் இதனை வலியுறுத்துகிறது. அமலோர்பவதாஸ் அடிகளாரின் தலைமையில் 1967இல் பெங்களூரில் உருவான தேசிய நிலையமும் திண்டிவனத்தில் அமைந்த தமிழக நடுநிலையமும் மறைக்கல்வியைப் பொதுநிலையினரிடம் கொண்டுசென்றன. ‘பாமரர்’ என்னும் இழிவு தோய்ந்த சொல்லை விடுத்துப் ‘பொதுநிலையினர்’ என்னும் சொல் வழக்குப் பெற்றது. குருநிலையும் ஒரு நிலை, பொதுநிலையும் ஒரு நிலை. கல்லாமை என்னும் குறிப்பே அதில் இல்லை. கடந்த அரை நூற்றாண்டின் கிறித்தவத் தமிழ்ச் சொல்லாக்கங்களுள் இதனை முதலிடத்தில் வைக்கத் தயங்கவேண்டியதில்லை.

ஓர் உலை

மறுசொல்லல் என்னும் அளவையில் அண்மைக் காலத்தில் மிக உயர்ந்து நிற்பவர் 2005இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு. பறட்டை என்னும் பெயரால் அறியப்பட்ட இவர் அரசரடிக் கல்லூரியில் ஆசிரியராயிருந்து, வழிபாட்டை நாட்டுப்புற இசையிலும் ஊர்ப்பேச்சிலும் அமைத்தார். தனித்தனி அடுப்பை விடுத்து எல்லாரும் ஒரே உலையில் சமைத்துண்ணும் நிலையைத் திருவிருந்தின் பொருளாக விரித்தார். சாதியால் பிரிந்த பந்தியில் உண்ணும் மக்களிடம் ஓர் உலை என்னும் சொல்லைச் சொன்னால் அதற்கு உரை வேண்டுவதில்லை. அச்சொல் அவ்விடத்திலேயே பகையையும் தேடித்தரும். அர்விந்த் நிர்மல் 1981இல் பெங்களூரில் ஆங்கிலத்தில் முன்வைத்த தலித் இறையியல், தமிழ்ச் சிற்றூருக்கு வந்துசேர்ந்த வழிகளுள் அப்பாவுவின் பாட்டும் ஒன்று.

இவரிடம் ஒரு தலைகீழ் மாற்றமும் நிகழ்கிறது. பழைய மறைக்கல்வி சொன்னதைச் சொன்னவாறே திருப்பிச் சொல்லக் கேட்டது. சொல் மாறினால் பொருள் மாறும் என அஞ்சியது. நாட்டுப்புறப் பாட்டோ, பாடுபவர் மாற்றிப் பாடுவதனால் வாழ்வது. கற்பவர் அங்கே பாடத்தின் உடனாசிரியராகிறார். பொதுநிலையினரின் கல்விக்கு இதைவிட மதிப்பளிக்கும் முறை வேறில்லை. எனினும் இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். பாட்டு உணர்த்தும், வழக்காடாது. சபைத் தேர்தலிலும் கல்லறைப் பிரிவினையிலும் சொத்து வழக்கிலும் சிக்குண்ட ஓர் ஆயருக்கும் மூப்பருக்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் காரணம் அடுக்கிப் பேசும் உரைநடை தேவைப்படுகிறது. அப்பாவுவின் இசையைப் பின்பற்றியோர் உளர். அவர் செவியைக் கொண்டு உரைநடை எழுதியோரைக் காண்பது அரிதாயிருக்கிறது. கீர்த்தனை மரபை மேட்டிமை மரபென அவர் ஒதுக்கியதும் முழுமையாக ஏற்கத்தக்கதன்று. தஞ்சை வேதநாயக சாத்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சி, குறத்தியின் வாய்மொழியில் மறைச்செய்தியை வைத்த நூல். அதுவும் அக்காலத்து மறுசொல்லலே.

தமிழ்த்துறைகள் செய்யவேண்டியது இங்கே தெளிவாக உள்ளது. கிறித்தவ இறையியற் சொற்களுக்கு, ஒவ்வொரு சொல்லும் எந்த நூலில் எப்பொருளில் முதலில் வந்து எவ்வாறு மாறிற்று எனக் காட்டும் வரலாற்று முறை அகராதி ஒன்று வேண்டும். வேதியர், உபதேசியார், கோயில்பிள்ளை ஆகியோர் தம் பணிக்கென எழுதிவைத்த கையெழுத்துக் குறிப்பேடுகள் தொகுக்கப்பட வேண்டும். அச்சுநூல் எதனைக் கற்பித்தது என்பதை அச்சுநூல் காட்டும். கற்றவர் எந்தச் சொல்லை மாற்றிக்கொண்டு தம் ஊரில் பேசினார் என்பதைக் குறிப்பேடு மட்டுமே காட்டும். ஓலைச்சுவடி தேடி ஊர்ஊராகச் சென்ற மரபு நம்முடையது. ஒருபக்கத் தாளில் மையால் எழுதி, ஞாயிறுதோறும் மடித்து விரித்து நைந்துபோன அக்குறிப்பேடுகளைக் கேட்டுப் பெறுவதற்கு இதுவரை நம் துறைகளிலிருந்து எவரும் புறப்பட்டதாகத் தெரியவில்லை. பிரசங்கியார் இறந்தபின் அவை பழைய தாள்களோடு எடைக்குப் போகின்றன.